மிதிப்பதற்கு முன் மூன்று கேள்விகள்

நீங்கள் நாலரை வருஷம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். நல்லது. ஆனால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வேலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால் முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். இங்கே உங்களை யாரும் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்ல மாட்டார்கள். 'கரண்ட் வைக்கிறவங்க' என்பார்கள். கரண்ட் வைக்காமல் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், 'இன்னைக்கு ஒண்ணுமே பாக்கலீங்க, சும்மா காலத் தூக்கு கையத் தூக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க' என்று வாசலில் நின்று பேசுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இதைக் கேட்டுவிட்டு ஓய்வு பெற்றவள் நான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எனக்கு இதற்கு மேலும் ஒரு தலைவலி இருந்தது. நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். எங்கள் பக்கத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டால், கால் முன்னால் வந்து பிறந்த ஆள் இடுப்பில் மூன்று தரம் மிதித்துவிட வேண்டும், பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. எனக்குச் சொந்த ஊர் சிறுவாச்சூருக்குப் பக்கம். சிறுவாச்சூர்க் கோயில் திறக்கிற திங்கள், வெள்ளியில் சாமி கும்பிட வந்தவர்கள், யாராவது சொல்லக் கேட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியிருப்பேன். 'பாப்பா, இந்தத் தாத்தாவ ஒரு மிதி மிதிச்சுட்டுப் போ' என்பார் அப்பா. முன்பின் தெரியாத ஆள் ஒருவர் பாயில் குப்புறப் படுத்திருப்பார். மிதித்துவிட்டுப் போவேன். பஸ் போயிருக்கும்.

அந்தக் கோபத்தில்தான் இந்தப் படிப்பையே படித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இடுப்பு வலிக்கு உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டு வந்து இவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. படித்தேன், வேலையும் கிடைத்தது. கடைசியாக நான் இருந்த அரசு ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம், என் அறையைப் பெருக்க வந்த அம்மா எங்கள் ஊர்க்காரியாக இருந்து தொலைத்தாள். ஒரே வாரத்தில் விஷயம் வெளியே போய்விட்டது. பட்டம் சுவரில் தொங்குகிறது, வருகிற ஜனம் குனிந்து என் காலைப் பார்க்கிறது. அறை வாசலில் 'இங்கே மிதிப்பது கிடையாது' என்று நானே எழுதி ஒட்டினேன். அதைப் படித்துவிட்டு, 'அப்ப வேற எங்கங்க மிதிப்பீங்க?' என்று கேட்டவர்கள் உண்டு.

சயாட்டிகா வலி உங்களுக்குப் பாடமாகத் தெரியும். எனக்குக் குரலாகத் தெரியும். 'இடுப்புல புடிச்சு, தொடைக்குப் பின்னாடியே எறங்கி, கெண்டக்கால் வழியா பாதம் வரைக்கும் சுண்டி இழுக்குதுங்க.' இதைச் சொல்லாத நாளே கிடையாது. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி டிரைவர் சொல்வார், பருத்தி எடுக்கிற பெண் சொல்வாள், வாத்தியார் சொல்வார். சொல்லிவிட்டு எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். படுத்துவிடுவார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒருவர் வந்தார், வளைகுடாவில் வேலை. லீவு முழுக்கக் கட்டிலில் கிடந்துவிட்டு, கடைசியில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்து, 'பத்து நாள்ல ஃப்ளைட்டுங்க மேடம், அதுக்குள்ள சரி பண்ணிடுங்க' என்றார். படுக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். மாமா, சின்ன மாமா, மச்சான் என்று சொந்தத்தையே வரிசையாகச் சொன்னார். எழுந்து வராந்தாவில் நடங்கள் என்றேன். என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். திட்டித் திட்டித்தான் நடக்க வைத்தேன். முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் கூட, வலி தாங்கும் அளவுக்கு. வளைகுடாவுக்குக் கிளம்புகிற அன்று போன் செய்தார். 'அல்ஹம்துலில்லாஹ், வலி பாதிக்கு மேல கொறஞ்சிடுச்சு மேடம். ஆனா கடைசி வரைக்கும் நீங்க கரண்டே வைக்கலியே.'

பெரும்பாலும் இப்படித்தான் முடியும். நரம்பு தானாகவே தணியும். நாம் செய்ய வேண்டியது நோயாளியைப் பயமில்லாமல் நடமாட வைப்பது. இதில்தான் ஆபத்து இருக்கிறது. நூறு பேரைப் பார்த்து, நூறு பேரும் தேறிப் போய்விட்டால், நூற்றியோராவது ஆளை நாம் பார்க்கவே மாட்டோம். பார்த்த மாதிரி இருக்கும். அப்படி நான் பார்க்காமல் அனுப்பியவள் மலர்க்கொடி.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்து ஊர். நாற்பதைத் தாண்டியிருப்பாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். இடது காலில் வலி என்று முதலில் வந்தபோது பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தேன், மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கச் சொன்னேன். 'சரிங்க' என்றாள். அடுத்த தரம் வந்தபோது, செய்தாயா என்று கேட்டேன். 'செய்றேங்க' என்றாள். செய்து காட்டு என்றேன். நான் சொல்லியே கொடுக்காத ஒன்றைச் செய்து காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது தரம் வந்தது ஒரு வியாழக்கிழமை. வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. கரண்ட் வைக்கிற மெஷின் வேறு காலையிலேயே படுத்துவிட்டது, அதற்காக என்னிடம் சண்டைக்கு நின்றவர்கள் நான்கு பேர். மலர்க்கொடி வந்து அறை வாசலில் போட்டிருந்த ஸ்டூலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப ரெண்டு காலும் இழுக்குதுங்க. உக்காந்தா அடியெல்லாம் மரத்துப் போயிடுது" என்றாள்.

"நாள் பூரா உக்காந்தா மரத்துத்தான் போவும். எந்திரிச்சு நடன்னு சொன்னேன்ல?"

"நடந்தா உடைக்கிற எடை கொறஞ்சு கூலி போயிடுங்க."

கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்காமல் இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிறது. கேட்டேன். அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டே, இரண்டு ஆண்கள் பக்கத்தில் நிற்க, சத்தமாகக் கேட்டேன். "ஒண்ணுக்கு ரெண்டுக்கெல்லாம் ஒழுங்கா போவுதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "காலையில எந்திரிச்சதும் போனதுங்க. இனிமே வூட்டுக்குப் போயித்தான்."

நான் அதற்குச் சிரித்தேன். ஏனென்றால் இந்தப் பக்கத்தில் வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். கொட்டகையில் கழிப்பறை கிடையாது, காட்டில் மறைவு கிடையாது, பஸ்ஸில் நிறுத்த மாட்டார்கள். காலையில் போனால் இருட்டினால்தான். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். எனக்கே அன்று காலையில் போனதுதான். எங்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் அவள் சொன்னது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. 'சரி' என்று எழுதினேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு டாக்டர், அவ்வளவு நேரமாக ஏன் போகவில்லை என்று திடுக்கிட்டிருப்பார். நான் இந்த ஊர்க்காரி என்பதால் திடுக்கிடவில்லை.

எழுந்து நின்றவள் போகவில்லை. மெதுவாக, "அம்மா, உள்ள கூட்டிட்டுப் போயி ஒரே ஒரு மிதி மிதிச்சு வுடுங்களேன்" என்றாள்.

அவ்வளவுதான். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவள் தலையில் கொட்டினேன். "நான் என்ன சாமியாடியா? வாசல்ல எழுதி ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? சொல்லிக்குடுத்தத செய்ய ஒடம்பு வணங்காது, மிதிக்க மட்டும் நான் வேணுமா? போ." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அரியலூரில் என் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மலர்க்கொடியை அவள் புருஷன் கைத்தாங்கலாக இறக்கினான். வீட்டுக்கே வந்துவிட்டார்களே என்று வாயைத் திறக்கப் போனேன். அவன் முந்திக்கொண்டான்.

"கோவப்படாதீங்கம்மா. ஆஸ்பத்திரியிலதான மிதிக்க மாட்டீங்க, வூட்டுல மிதிக்கலாம்ல? நீங்க முடியாதுன்னா பரவால்ல, எங்க பக்கத்து ஊருல ஒரு லாரி டிரைவரும் கால்ல பொறந்தவருதான். அங்க போயிக்கிறோம்."

அந்த லாரி டிரைவரை எனக்குத் தெரியும். தொண்ணூறு கிலோ இருப்பார். அவர் தொட்டுவிடுகிற ரகம் இல்லை, ஏறி நின்று மிதிக்கிற ரகம். போங்கள், போய் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அப்போதுதான் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த செருப்பைப் பார்த்தேன். ஒற்றைச் செருப்பு. மலர்க்கொடியின் இடது கால் செருப்பு கழன்று அங்கேயே கிடந்தது. அவள் அதைத் தாண்டி வந்து பத்தடி தள்ளி வெறுங்காலோடு நிற்கிறாள். கீழே சரளைக்கல். அவளுக்குத் தெரியவே இல்லை.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவளிடம் இப்போது நேராகக் கேட்டால், வியாழக்கிழமை சொன்ன பதிலைத்தான் சொல்வாள். புருஷன் பக்கத்தில் நிற்கிறான், அதனால் அதையும் சொல்ல மாட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், மிதிக்க மாட்டேன் என்பதை நான் வேறு மாதிரி சொல்கிறேன் என்று நினைத்து லாரி டிரைவரிடம் போவார்கள். என்னுடைய படிப்பு இந்த வாசலில் செல்லாது. இங்கே செல்லுபடியாகிறது ஒன்றுதான். வாழ்நாள் பூராவும் நான் வெறுத்த என் கால்.

"சரி, மிதிக்கிறேன். பொம்பளைய மிதிக்கிறப்ப ஆம்பள இருக்கக் கூடாது. நீ வெளிய நில்லுப்பா" என்றேன்.

உள்ளே கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டேன். பாயில் குப்புறப் படுக்க வைத்தேன். "மிதிக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி இருக்கு. பொய் சொன்னா பலிக்காது" என்றேன். அப்படி ஒரு முறை உலகத்தில் எங்கேயும் கிடையாது. அந்த நிமிஷம் நானே உண்டாக்கியது. அவள் முகத்தைப் பாயில் வைத்தபடியே தலையாட்டினாள்.

"கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போன?"

"முந்தாநாளுங்க. அதுவும் முக்கி முக்கி, சொட்டு சொட்டாத்தான்."

"நீ அடக்கி வச்சியா, இல்ல உக்காந்தும் வரலையா?"

"உக்காந்தாலும் வரலீங்க. ஆனா எந்திரிச்சா சேல நனைஞ்சிருக்கு. எப்ப நனைஞ்சுதுன்னு தெரியல." அழ ஆரம்பித்துவிட்டாள். "உடம்பு சூடுன்னு நெனச்சு தொப்புள்ல வெளக்கெண்ண வச்சேன். நீர்மோர் குடிச்சேன்."

"கழுவறப்ப உன் கை பட்டா அங்க தெரியுதா?"

"தெரியலீங்கம்மா. யாரோ வேற ஆளத் தொடுற மாதிரி இருக்கு."

அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கல்லாக இருந்தது. முதுகெலும்பின் அடியில் வட்டு பிதுங்கி, சிறுநீரையும் மலத்தையும் ஆள்கிற நரம்புக் கொத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறது. பாடத்தில் படித்திருப்பீர்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டியது. இவளுக்கு நாட்கணக்கு ஆகிவிட்டது. இன்னும் விட்டால் நடக்கவும் முடியாது. அந்த நிலையில் தொண்ணூறு கிலோ ஆள் ஏறி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"எந்திரி, திருச்சிக்குப் போறோம்" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "மிதிக்கிறேன்னீங்களே. உண்மையச் சொல்லிட்டேன்ல?"

மிதிக்காதே என்று நான் கற்றதெல்லாம் அந்தப் பாயின் ஓரத்தில் வந்து நின்றது. அவள் கேட்டது நியாயம். அதனால் என் இடது பாதத்தை அவள் இடுப்பில் வைத்தேன். பாரம் முழுக்க வலது காலில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, தோல் மட்டும் படும்படி. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் பெரிதாக மூச்சு விட்டாள். வெளியே வந்து புருஷனிடம் சொன்னேன். "மிதிச்சாச்சு. மிதிச்ச அன்னைக்கே திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். இல்லன்னா மிதிச்சது வீண்."

ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டர் இருக்க மாட்டார், வீட்டில் மாடு இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு பேச்சும் அவன் பேசவில்லை. "அப்படியாங்க? இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று என்னையே குறை சொல்லிவிட்டு ஏறினான். நானும் கூடவே ஏறினேன். போகிற வழியில், எனக்குப் பழக்கமான அறுவை டாக்டர் ஒருவருக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "எப்போதிலிருந்து?"

"வியாழக்கிழமையே என்னிடம் வந்தாள் சார்" என்றேன். சீக்கிரம் கொண்டு வாருங்கள் என்று போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அறுவை செய்தார்கள். மாதக்கணக்கில் ஆனாலும் மலர்க்கொடி நடந்தாள். இடது பாதம் மட்டும் இன்னும் லேசாக இழுக்கும். சிறுநீர்தான் முழுதாகத் திரும்பவில்லை. வேளாவேளைக்குச் சின்னக் குழாய் ஒன்றை அவளே வைத்து வெளியேற்ற வேண்டும். கொட்டகையில் அதற்கு இடம் ஏது? அந்த வேலைக்கு அவள் மறுபடி போகவே முடியவில்லை.

ஊர் இதில் என்ன கற்றுக்கொண்டது என்று நினைக்கிறீர்கள்? என் கால் ராசியான கால் என்று கற்றுக்கொண்டது. வருகிற கூட்டம் இரண்டு மடங்கானது. 'நீங்க மிதிச்சா அன்னைக்கே திருச்சிக்குப் போவணுமாமே, காரு சொல்லிட்டுத்தான் வந்திருக்கோம்' என்று சாதாரணச் சுளுக்குக்குக்கூட வாடகைக் கார் எடுத்து வந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தை நானே கிழித்துப் போட்டேன். யார் கேட்டாலும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, அந்த மூன்று கேள்வியையும் கேட்ட பிறகுதான் மறு வேலை. கால் படுமா படாதா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நீங்களும் கேளுங்கள். 'போவுதா' என்று கேட்டு 'போவுது' என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அடக்கி அடக்கியே பழகிய உடம்பில், அடக்குவது எது, வராதது எது என்று பிரித்துக் கேட்காவிட்டால் அவர்களுக்கே தெரியாது. வரிசை நீளமாகத்தான் இருக்கும். நிற்கட்டும்.

அறுவை முடிந்து எட்டு மாதம் கழித்து மலர்க்கொடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ஒரு பை முந்திரிப்பருப்பு. வேண்டாம் என்றாலும் மேசையில் வைத்துவிட்டு, தானே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பயிற்சி செய்கிறாயா என்று கேட்டேன். செய்து காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

கிளம்பும்போது கேட்டாள். கோபமே இல்லை, விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "அன்னைக்கு வியாழக்கிழமையே, இதே ரூம்ல, உள்ள கூட்டியாந்து நீங்க மிதிச்சிருந்தீங்கன்னா, எனக்கு இந்தக் கொழாயே வந்திருக்காது இல்லீங்களாம்மா?"

காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லித் தேய்ந்த பேச்சு வாய் வரை வந்தது. அவள் சாத்தியிருந்த, அன்றைக்கு நான் சாத்தாத கதவைப் பார்த்தேன்.

"ஆமாம்மா, வந்திருக்காது" என்றேன்.